தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

குடிநீர் பற்றி எங்கள் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் பேசியபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து சிரம்பானைச் சேர்ந்த ஓர் அம்மா எழுந்தார். ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது தாமான் வீட்டில் இருப்பவர்.

"தம்பி, வீட்டுக்கு வந்த விற்பனையாளர் எங்க பைப் தண்ணியில ரெண்டு கம்பியை விட்டார். அஞ்சு நிமிஷத்துல தண்ணி சாக்கடை மாதிரி ஆயிடுச்சு. அவரோட மெஷின் தண்ணி அப்படியே கண்ணாடி மாதிரி நின்னுச்சு. பயந்துபோய் வாங்கிட்டோம். தவணை இன்னும் கட்டிக்கிட்டு இருக்கோம். அந்தத் தண்ணி உண்மையிலேயே நல்லதா?"

நேரம் முடிந்துவிட்டதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். கம்பி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் அந்த அம்மாவின் தோட்டத்துக்கே ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி இங்கு வந்து காய்ச்சலில் விழுந்தபோது, லயத்தில் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "தண்ணி ஒத்துக்கல." ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வேறு, இந்த மலையடி ஓடைத் தண்ணீர் வேறு என்று அவர்கள் நினைத்தார்கள். படிக்காதவர்களின் நம்பிக்கை என்று சிரித்துவிடாதீர்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

டாக்டர் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901இல் கிள்ளானில் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். காட்டை வெட்டு, தேங்கிய நீரை வடி, காய்ச்சல் போய்விடும் என்பது சமவெளியில் கண்ட பாடம். ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் அது தலைகீழானது. அங்கே காட்டை வெட்டிய பிறகுதான் காய்ச்சல் கூடியது! காரணம், மலையடிவாரக் கொசு அழுக்கு நீரைத் தேடவில்லை. அனோபிலிஸ் மாகுலேட்டஸ் என்ற அந்த வகை, வெயில் படும் தெளிந்த ஊற்றிலும் சலசலத்து ஓடும் சின்ன ஓடையிலும் முட்டையிடுவது. நிழல் தந்த மரங்களை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. நெகிரி செம்பிலானில் தோட்டங்கள் பல ஏறி இறங்கும் மேட்டு நிலத்தில் இருந்தன. லயத்துக்குப் பின்னால் ஓடிய அழகான ஓடையே ஆளைக் கொன்றது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மலேரியா குடிப்பதால் வருவதல்ல, கொசுக்கடியால் வருவது. ஆனால் அதே ஓடையில் ஒருவர் துணி துவைப்பார், மேட்டில் இன்னொருவர் காட்டுக்குப் போய்வருவார், கீழே ஒருத்தி குடத்தில் மொண்டுகொண்டிருப்பாள். வயிற்றுக்கடுப்பு, டைபாய்டு, காலரா எல்லாம் அந்தக் குடத்தின் வழியாகத்தான் லயத்துக்குள் நுழைந்தன. தண்ணீர் பார்ப்பதற்குப் பளிங்கு போல இருந்திருக்கும்.

கண்ணை நம்பி ஏமாந்தவர்கள் நாம் மட்டுமல்ல. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஒரு தெருப் பம்பின் தண்ணீரே காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்தார். அவருக்குக் கிடைத்த வலுவான சாட்சியங்களில் ஒன்று, ஊருக்கு வெளியே ஹாம்ஸ்டெட்டில் வசித்த ஒரு விதவைத் தாயின் மரணம். பிராட் தெருப் பக்கம் அவர் போகவே இல்லை. அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி பிடித்ததால் அதைத் தினமும் புட்டியில் வரவழைத்துக் குடித்தார். ருசியும் நன்றாக இருந்தது, உயிரும் போனது.

சரி, வடிகட்டினால் போதாதா? நல்ல கேள்வி. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவுக்கு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பக்கத்திலேயே ஒட்டியிருந்த அல்டோனா பெரும்பாலும் தப்பியது. அங்கே ஆற்று நீரை மணல் படுகையில் மெதுவாக வடித்தார்கள், ஹாம்பர்க்கில் வடிக்கவில்லை. ஆக, வடிகட்டுவது பெரிய விஷயம்தான். ஆனால் வடித்த நீர் குழாயில் மைல் கணக்கில் போகும்போது வழியில் மறுபடி கெடலாமே? அதற்குக் காவலாக வந்ததுதான் குளோரின். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் நிரந்தரமாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். பைப்பைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த வாடையை நாம் திட்டுகிறோம். அது காவல்காரனின் வாடை. இந்நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.

தோட்டத்தில் இந்தக் காவல்காரன் வந்து சேர வெகு காலமானது. தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், மருத்துவம் தருவது முதலாளியின் கடமை என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் காகிதத்தில் எழுதியது. கிணறு வெட்டினார்கள், சில இடங்களில் தொட்டி கட்டினார்கள். தொழிலாளர் குடியிருப்புக்குப் பொதுக் குழாயிலிருந்து இலவசமாகப் போதிய நீர் தரவேண்டும், அது முடியாத இடத்தில் சுத்திகரித்த நீர் தரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் 446ஆம் சட்டம் வந்தது 1990இல். பால்மரம் சீவியவர்களின் மூன்று தலைமுறை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்த மூன்று தலைமுறையைக் காப்பாற்றியது எது? என் பாட்டி லிங்கி ஆற்றுப் பக்கத் தோட்டத்தில் மரம் சீவியவர். விடியற்காலைப் பெரட்டுக்கு முன் அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். கருப்புக் காப்பி போட்டுப் போத்தலில் ஊற்றி மரத்தடிக்குக் கொண்டுபோவார். கிருமி பற்றி அவருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. காப்பிக்காகக் கொதிக்கவைத்தார், கிருமி செத்தது. எந்த மருத்துவ அறிக்கையிலும் ஏறாத சுகாதாரத் திட்டம் இது என்பது என் கருத்து.

இன்னொன்றும் அவர்களைக் காப்பாற்றியது. அது தண்ணீரல்ல, புழுங்கல் அரிசி. இது ஏதோ பேச்சு மாறுவதுபோல் தோன்றும், ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு இதுவே வாசற்படி. 1900களில் பெரிபெரி நோய் இந்நாட்டில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நெகிரி செம்பிலானின் அரசாங்க மருத்துவர் டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார்: தீட்டிய வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு நோய் வந்தது, புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களுக்கு வரவில்லை. 1907இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் எண்ணினார். அது தவறு. ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ஜெலுபு வட்டார டுரியான் திப்புஸில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்கள் சுமார் 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். பின்னர் அரிசியை மாற்றியும் பார்த்தார்கள். நோய் வெள்ளை அரிசியின் பின்னாலேயே போனது. சேர்ந்த எதுவும் கெடுக்கவில்லை. தீட்டித் தீட்டி வெண்மையாக்கியபோது வெளியே போன ஒன்றே குறை. பிற்காலத்தில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது கம்பிக்கு வருவோம்.

அந்தக் கருவியின் கம்பி இரும்பு. பைப் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் இயற்கையாகவே கரைந்திருப்பதால் மின்சாரம் பாய்கிறது. இரும்பு கரைந்து துருவாகிறது. நீங்கள் பார்த்த சாக்கடை, கம்பியின் துரு! மெஷின் எல்லா உப்பையும் எடுத்துவிட்டதால் அந்த நீரில் மின்சாரம் பாயவில்லை, ஆகவே தெளிவாக நின்றது. அடுத்த முறை யாராவது வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

அப்படியானால் மெஷின் தண்ணீர் கெடுதலா? இல்லை. உப்புச் சத்துகளில் பெரும்பகுதி உணவிலிருந்தே வருகிறது. பயப்பட வேண்டாம், ஆனால் கூடுதல் ஆரோக்கியம் என்று நம்பிக் கடன்படவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. உள்ளேயிருக்கும் கரி வடிகட்டி குளோரினை, அதாவது காவல்காரனை, வெளியே அனுப்பிவிடுகிறது. அதன்பின் தண்ணீரை நாள் கணக்கில் சேர்த்துவைத்தாலோ, வடிகட்டியை மாற்றாமல் விட்டாலோ கிருமிகள் அங்கேயே குடித்தனம் நடத்தும்.

ஃபுளோரைடும் அப்படித்தான் போய்விடும். பல் சொத்தையைத் தடுக்க அதைக் குழாய் நீரில் சிறிதளவு சேர்க்க 1972இல் இந்நாட்டு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கிணற்றையும் ஓடையையும் நம்பியிருந்த தோட்டப் பிள்ளைகளுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. ஆனால் அதே ஃபுளோரைடு மிகுந்தால் பல் கறைபடியும், எலும்பு வளையும். தமிழ்நாட்டின் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நிலத்தடி நீரில் அது இயற்கையாகவே அளவுக்கு மீறிக் கிடக்கிறது. அதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அங்கே காய்ச்சினாலும் பயனில்லை, நீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். இங்கே சேர்க்கிறோம், அங்கே தவிர்க்கப் பாடுபடுகிறார்கள், இரண்டும் சரியே. அந்த நீரும் தெளிவாகத்தான் இருக்கும்.

படப்பிடிப்பு முடிந்ததும் அந்த அம்மா என்னைத் தனியே நிறுத்தினார். "அப்ப மெஷினைக் கழட்டிப் போட்டுறவா தம்பி?"

"காசு கட்டுறீங்க, பயன்படுத்துங்க. தண்ணியைச் சேர்த்து வைக்காதீங்க. வடிகட்டியை மட்டும் காலத்தோட மாத்திடுங்க. கடைசியா எப்ப மாத்தினீங்க?"

அவர் என்னை விழித்துப் பார்த்தார்.

"மாத்தணுமா? அவர் அதைச் சொல்லவே இல்லையே."