வட்டாரமும் வர்க்கமும்: சவுத் ஷீல்ட்ஸ் நகரின் ஏஞ்செலிக் அப்ஸ்டார்ட்ஸ் இசைக்குழு

மக்கள் பாடல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுகள் பெருகியுள்ள போதிலும், பிரிட்டனில் 1970களின் இறுதியில் தோன்றிய 'தெருப் பங்க்' இசையைப் பொறுத்தவரையில் ஆய்வாளரிடையே ஒரு தயக்கம் நிலவி வருகின்றது. அவ்விசை வெறும் கூச்சல் என ஒதுக்கப்படுவது ஒரு காரணம். மற்றொன்று கனமானது. 1981ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் லண்டனின் சவுத்தால் பகுதியில் நிகழ்ந்த கலவரத்தால் இவ்விசை தெற்காசியப் புலம்பெயர்ந்தோர் நினைவில் இனவெறியரின் இசையாகவே பதிந்துவிட்டது. அந்த நினைவுக்குத் தக்க ஆதாரம் உண்டு. எனினும், அதே பெயரின்கீழ்த் தொகுக்கப்பட்ட குழுக்கள் அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளப்பது வரலாற்று நோக்கில் பொருந்துவதன்று. இக்கட்டுரை, இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள சவுத் ஷீல்ட்ஸ் நகரில் 1977இல் தோன்றிய ஏஞ்செலிக் அப்ஸ்டார்ட்ஸ் என்னும் குழுவை எடுத்துக்கொண்டு, அதன் வட்டார அடையாளம் எதில் தங்கியிருந்தது என்பதை ஆராய்கின்றது. அவர்கள் தம் ஊரைப் பாடியபோது இருந்த தெளிவு, தம் நாட்டைப் பாடியபோது இல்லாமற் போனது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

ஊரும் தொழிலும்

டைன் ஆறு வடகடலில் கலக்குமிடத்தில், அதன் தென்கரையில் அமைந்தது சவுத் ஷீல்ட்ஸ். நிலக்கரி, கப்பல் கட்டுமானம், கடற்பணி ஆகிய மூன்றுமே அதன் வாழ்வாதாரங்கள். அங்கிருந்த வெஸ்டோ சுரங்கத்தின் பாதைகள் கடலுக்கடியிலும் நீண்டு சென்றன. அருகிலுள்ள ஜாரோ நகரில் 1930களில் பாமர் கப்பல் தளம் மூடப்பட்டதும், 1936ஆம் ஆண்டு அக்டோபரில் ஏறத்தாழ 200 ஆடவர் வேலை கேட்டு லண்டன்வரை நடந்து சென்றதும் பிரிட்டிஷ் தொழிலாளர் வரலாற்றில் நன்கு அறியப்பட்டவை. வேலையின்மை என்பது இவ்வட்டாரத்தில் செய்தித்தாளில் படித்தறியும் செய்தியாக இருந்ததில்லை. பாட்டன் காலத்திலிருந்தே வீட்டுக்குள் பேசப்பட்டு வந்த ஒன்று.

நிர்வாக நோக்கில் நூற்றாண்டுக் கணக்கில் டர்ஹாம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இந்நகர், 1974இல் புதிதாக அமைக்கப்பட்ட டைன் அண்ட் வியர் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. டைன் கரையினரைப் பொதுவாக 'ஜோர்டி' என்பர். ஆனால் சவுத் ஷீல்ட்ஸ் மக்களுக்குச் 'சாண்ட்டான்சர்' (மணலில் ஆடுவோர்) என்று தனிப்பெயரும் உண்டு. வடகிழக்கு என்று வெளியிலிருந்து ஒன்றாகக் காணப்படும் நிலப்பகுதிக்குள் ஊருக்கு ஊர் இத்தகைய நுண்ணிய வேறுபாடுகள் இருந்தன.

அவ்வூரின் வரலாற்றில் இன்னொரு கூறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஏடனையும் ஏமனையும் சேர்ந்த முஸ்லிம் கடலோடிகள் இங்குக் குடியேறினர். நீராவிக் கப்பல்களின் அடித்தளத்தில் நிலக்கரியை அள்ளி உலைக்குள் இடுவது அவர்கள் வேலை. 1919இலும் 1930இலும் கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் மில் டாம் பகுதியில் அவர்களுக்கு எதிரான பூசல்கள் கலவரங்களாக வெடித்தன. 1930ஆம் ஆண்டுப் பூசல் கடலோடிகள் சங்கம் ஏற்றுக்கொண்ட ஒரு சுழல்முறைப் பதிவு ஏற்பாட்டை ஒட்டி எழுந்தது என்பது கருதத்தக்கது. தொழிலாளர் ஒற்றுமை பேசிய அமைப்பே தோலின் நிறத்தால் பிளவுபட்டிருந்தது. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1977ஆம் ஆண்டு ஜூலையில் இவ்வூர்ப் பள்ளிவாசலுக்கு வந்து தம் திருமணத்துக்கு ஆசி பெற்றுச் சென்றார். நாம் எடுத்துக்கொண்ட குழு உருவானதும் அதே ஆண்டில்தான். அக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களில் இந்த ஏமன் மக்களைக் காண இயலவில்லை. அவர்களது வட்டாரப் பற்றை மதிப்பிடுங்கால் இந்த விடுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாடல் ஆன ஒரு மரணம்

குழுவின் பாடகர் தாமஸ் மென்ஸ்ஃபர்த், 'மென்சி' என அறியப்பட்டவர். பள்ளியை விட்டதும் வெஸ்டோ சுரங்கத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தவர். கித்தார் வாசித்த ரே கௌவி, 'மோண்ட்' எனப்பட்டவர். கப்பல் தளத்தில் மின்பணி செய்தவர். லண்டனிலிருந்து சுற்றுப்பயணம் வந்த கிளாஷ் குழுவின் நிகழ்ச்சியே இவர்களுக்குத் தூண்டுகோலாயிற்று. 'அப்ஸ்டார்ட்' என்னும் சொல் தன் நிலைக்கு மீறித் தலைதூக்குபவனை இகழ்ந்து சொல்வது. அவ்விகழ்ச்சியைத் தாமே பெயராகச் சூட்டிக்கொண்டனர். லண்டன் பங்க் இசையில் கலைக் கல்லூரி மாணவரின் பங்கு கணிசமானது. இவர்களோ சுரங்கத்திலிருந்தும் கப்பல் தளத்திலிருந்தும் வந்தவர்கள்.

அவர்களது முதல் இசைத்தட்டு 1978இல், அவர்கள் சொந்த முயற்சியில் வெளிவந்தது. லிடில் டவர்ஸ் என்பவரின் மரணத்தைக் கொலை என்று தலைப்பிலேயே அறிவித்த பாடல் அது. டவர்ஸ் ஒரு மின்பணியாளர். பொழுதுபோக்குக் குத்துச்சண்டை வீரர்களுக்குப் பயிற்சி அளித்து வந்தவர். 1976ஆம் ஆண்டு ஜனவரியில் டர்ஹாம் பகுதியின் பர்ட்லி ஊரில் ஒரு கேளிக்கை விடுதிக்கு வெளியே காவலர் அவரைக் கைது செய்தனர். விடுவிக்கப்பட்டபின், தாம் தாக்கப்பட்டதை நண்பர்களிடம் கூறிய அவர், அடுத்த மாதமே இறந்தார். மரண விசாரணையில் நடுவர்குழு வழங்கிய முடிவு 'நியாயப்படுத்தத்தக்க கொலை' என்பது. இச்சொற்றொடரைச் சற்று நின்று நோக்க வேண்டும். கொல்லப்பட்டார் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. கொன்றது தகும் என்றும் சொல்கிறது. மக்கள் கொதிப்படைந்ததில் வியப்பில்லை. அம்முடிவு நீக்கப்பட்டு 1978இல் மறுவிசாரணை நடந்தபோது, 'எதிர்பாரா விபத்து மரணம்' என முடிவாயிற்று. முன்னதில் இருந்த 'கொலை' என்னும் சொல்லும் அத்தோடு மறைந்தது.

டவர்ஸ் பெயரைப் பாடியவர்கள் இவர்கள் மட்டுமல்லர். தென்னிங்கிலாந்துக் குழுவான தி ஜாம் 1977இலேயே அவரைக் குறிப்பிட்டது. டாம் ராபின்சன் குழு 1979இல் பாடியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மற்றவர்க்கு அது நாட்டில் நடந்த அநீதிகளுள் ஒன்று. சவுத் ஷீல்ட்ஸ் குழுவினர்க்கோ அது பக்கத்து ஊரில், தம்மைப் போன்ற ஒருவருக்கு நேர்ந்தது. அதைப் பாடியபின் அவர்கள் அதே வட்டாரக் காவல்துறையின் கண்முன்னே வாழவும் வேண்டியிருந்தது. மேடையில் பன்றித் தலை ஒன்றை வைத்து உதைப்பது அவர்கள் வழக்கமாயிற்று. ஆங்கிலக் கொச்சை வழக்கில் 'பன்றி' என்பது காவலரைக் குறிக்கும் வசைச்சொல். நயமற்ற குறியீடுதான்; ஆனால் எவருக்கும் உரை தேவைப்படாத குறியீடு. 1979இல் நார்தம்பர்லாந்தின் ஆக்லிங்டன் சிறைக்குள் கைதிகள்முன் இவர்கள் பாடியது நாளிதழ்களில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது.

ஒலியில் வாழும் வட்டாரம்

வட்டார வழக்கைப் பயிலும் ஆசிரியர்களுக்கு இக்குழு ஒரு நல்ல பாடம். இவர்களது பாடல் வரிகளை அச்சில் மட்டும் படிப்பவர் டைன் கரையை அரிதாகவே காண்பார். பெரும்பாலும் பொதுவழக்கு ஆங்கிலமே அங்குள்ளது. செவிமடுக்கும்போதுதான் ஊர் தெரிகிறது. உயிரெழுத்துகளின் நீட்சியிலும் சொல்லின் ஏற்ற இறக்கத்திலும் அது ஒளிந்திருக்கின்றது.

மொழியியலறிஞர் பீட்டர் ட்ரட்ஜில் பிரிட்டிஷ் பாடகர்களின் உச்சரிப்பை ஆராய்ந்து 1983இல் வெளியிட்ட கட்டுரையை இங்கு நினைவுகூரலாம். 1960களின் முற்பகுதியில் அமெரிக்க உச்சரிப்பைப் பின்பற்றிய பாடகர்கள் படிப்படியாக அதிலிருந்து விலகினர் என்றும், பங்க் பாடகர்கள் தென்னிங்கிலாந்தின் மதிப்புக் குறைந்த தொழிலாளர் உச்சரிப்பை நாடினர் என்றும் அவர் காட்டினார். அமெரிக்கப் போலியை எதிர்த்து எழுந்த இயக்கம், அறியாமலே லண்டன் தெருப் பேச்சைப் புதிய பொதுவழக்காக்கியது என்பது இதன் உட்பொருள். அந்நிலையில் மென்சி தம் ஊர்க் குரலிலேயே பாடியது இரட்டை மறுப்பாகும்.

1980இல் வெளிவந்த இவர்களது இரண்டாம் இசைத்தொகுப்பின் தலைப்புப் பாடல் இன்னும் சுவையானது. 'இவ்விடத்தை விட்டு நாம் வெளியேற வேண்டும்' எனப் பொருள்படும் அப்பாடல், 1965இல் நியூகாசில் நகரின் தி அனிமல்ஸ் குழுவால் புகழ்பெற்றது. அதை இயற்றியவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த பாரி மான், சிந்தியா வைல் இணையர். டைன் ஆற்றுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர் அதைத் தம் பாடலாக்கிக்கொண்டனர். எனினும் எரிக் பர்டனின் குரலில் கேட்ட வடகிழக்கு மக்கள் அதைத் தம் மண்ணின் பாடலாகவே ஏற்றனர். பதினைந்து ஆண்டுகளுக்குப்பின் ஒரு சுரங்கத் தொழிலாளி அதை மீண்டும் பாடியபோது, அது மரபுரிமையாகவே கருதப்பட்டது. ஒரு பாடல் எந்த மண்ணுக்குரியது என்பதை அதன் பிறப்பிடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைத் தேவையோடு பாடுபவரும் தீர்மானிக்கின்றனர். தம் ஊரை நேசிப்பவர்கள் ஊரைவிட்டுப் போவதைப் பற்றிய பாடலைத் தம் கீதமாக்கிக்கொண்டது முரணாகத் தோன்றலாம். சுரங்கத்தின் வாயிலில் நின்றிருந்தவருக்கு அதில் முரண் இருந்திராது.

எண்ணிக்கையைப் பாடுதல்

1981இல் வந்த மூன்றாம் தொகுப்பின் பெயர் 'இருபது இலட்சம் குரல்கள்'. பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 1980இல் 20 இலட்சத்தைக் கடந்திருந்தது. 1982ஆம் ஆண்டு ஜனவரியில் அது 30 இலட்சத்தையும் தாண்டியதால், இசைத்தட்டின் பெயர் ஓராண்டுக்குள் பழையதாகிவிட்டது! புள்ளிவிவரத்தைக் 'குரல்கள்' ஆக்கியதில்தான் அத்தலைப்பின் வலிமை உள்ளது. வட அயர்லாந்தில் மடியும் இளம் படைவீரனைப் பற்றி 1980இல் அவர்கள் வெளியிட்ட பாடலையும் இதனோடு இணைத்துப் படிக்கலாம். வேலையற்ற ஊர்களே படைக்கு ஆள் தந்த ஊர்களும் ஆகும்.

லண்டன் சூட்டிய பெயர்

இக்காலக்கட்டத்தில் 'சவுண்ட்ஸ்' இசையிதழில் எழுதிய கேரி புஷெல், தொழிலாளர் வர்க்கப் பங்க் குழுக்களை 'ஒய்!' என்ற பெயரில் ஒன்றிணைத்தார். கிழக்கு லண்டனில் ஒருவரை உரக்க விளிக்கும் சொல் அது. 1980 நவம்பரில் வந்த முதல் தொகுப்பில் ஏஞ்செலிக் அப்ஸ்டார்ட்ஸ் பாடல்களும் இடம்பெற்றன. ஆனால் அப்பெயரின் மையம் லண்டன். அங்குள்ள காக்னி ரிஜெக்ட்ஸ் குழுவின் வட்டார அடையாளம் வெஸ்ட் ஹாம் கால்பந்துக் கழகத்தோடு பின்னிப் பிணைந்திருந்தது. டைன் கரையின் சுரங்க நினைவு வேறு வகையானது. ஒரே பெயர்ப்பலகை இவ்வேறுபாட்டை மறைத்தது.

அதற்கான விலை சவுத்தாலில் கொடுக்கப்பட்டது. 1976இல் குர்திப் சிங் சக்கர் என்னும் இளைஞர் கொலையுண்டதும், 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசிய முன்னணிக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் ஆசிரியர் பிளேர் பீச் இறந்ததும் அவ்வூர் மக்கள் மனத்தில் ஆறாத புண்கள். அத்தகைய இடத்தில் ஹம்பரோ டாவர்ன் மதுக்கூடத்தில் ஃபோர் ஸ்கின்ஸ், தி பிசினஸ், தி லாஸ்ட் ரிசார்ட் ஆகிய குழுக்களின் நிகழ்ச்சி ஏற்பாடாகியது. வெளியூரிலிருந்து வந்த ரசிகருள் சிலர் கடைகளையும் மக்களையும் தாக்கினர். தெற்காசிய இளைஞர் திரண்டெழுந்தனர். மதுக்கூடம் எரிந்து சாம்பலாயிற்று. ஏஞ்செலிக் அப்ஸ்டார்ட்ஸ் அன்று மேடையில் இல்லை. ஆயினும் 'ஒய்!' என்ற சொல் பெற்ற கறை அவர்கள்மீதும் படிந்தது.

கறை முழுவதும் பிறரால் வந்தது எனவும் கூற இயலாது. அதே 1981இல் அவர்கள் 'இங்கிலாந்து' என்றொரு மெல்லிசைப் பாடலை வெளியிட்டனர். நாட்டுப்பற்றை வலதுசாரியினரிடமிருந்து தொழிலாளர்க்கு மீட்டுத்தர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம் என்று கொள்ளலாம். ஆனால் லிடில் டவர்ஸ் பாடலில் ஓர் ஆள், ஓர் ஊர், ஒரு தீர்ப்பு இருந்தன. அவற்றை எவரும் திரித்துப் பாட முடியாது. நாட்டைப் பற்றிய பாடலிலோ அத்தகைய பிடிமானம் இல்லை. கேட்பவர் எவரும் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும் வெற்றிடம் அதில் இருந்தது. இனவெறியரும் அதை உரிமையோடு சேர்ந்து பாடினர். இங்கிலாந்து என்று சொல்லும்போது சவுத்தால் அதற்குள் அடங்குமா என்பதை அப்பாடல் சொல்லவில்லை. சவுத் ஷீல்ட்ஸின் ஏமன் கடலோடிகள் அடங்குவரா என்பதையும் சொல்லவில்லை.

அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இன்னொரு பாடல் இதற்கு மறுதலை. காவலில் இறந்த ரிச்சர்ட் கேம்பெல் என்னும் ராஸ்தபாரி இளைஞரைப் பற்றியது அது. ரெகே இசைச் சாயலில் அமைந்தது. டவர்ஸ் மரணத்தைப் பாடிய குழு கேம்பெல் மரணத்தையும் பாடியதில் இயல்பான தொடர்ச்சி ஒன்று உள்ளது. சொந்த வட்டாரத்தில் காவல்நிலையம் எத்தகையது என அறிந்திருந்ததே, நிறம் வேறான ஒருவரின் துயரை அறியும் வாயிலாக அமைந்தது. நாட்டுப்பற்றுப் பாடலால் எட்ட இயலாத இடத்தை வட்டார அனுபவம் எட்டியது. தேசிய முன்னணி ஆதரவாளர்கள் தம் நிகழ்ச்சிகளுக்குள் புகுந்து குழப்பம் விளைவித்தபோது இக்குழுவினர் நேருக்கு நேர் நின்றனர். மென்சி பின்னர்ப் பாசிச எதிர்ப்பு அமைப்பிலும் தீவிரமாக இயங்கினார்.

1980களில் சவுத் டைன்சைடு நகராட்சி, அவ்வூரில் பிறந்த நாவலாசிரியர் கேத்தரின் குக்சன் பெயரால் தன் நிலப்பகுதியை 'கேத்தரின் குக்சன் நாடு' எனச் சுற்றுலாப் பயணிகளுக்கு விளம்பரப்படுத்தியது. குக்சனின் நாவல்களில் வறுமை உண்டு. எனினும் அது கடந்த காலத்து வறுமை, கண்டு களிக்கத் தக்க தொலைவில் நிற்பது. நிகழ்கால வேலையின்மையைப் பாடிய குழு விளம்பரப் பலகைக்கு ஏற்றதாக இல்லை. வெஸ்டோ சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்நிலத்தில் பின்னர்க் குடியிருப்புகள் எழுந்தன. பலமுறை கலைந்தும் கூடியும் வந்த குழுவை மென்சி இறுதிவரை நடத்தினார். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், கொவிட் நோயால், தம் 65ஆம் வயதில் அவர் காலமானார். அவர் முதலில் பாடிய அந்த மரணத்துக்கு, 1978இல் எழுதப்பட்ட 'விபத்து' என்னும் முடிவே ஆவணத்தில் உள்ளது.