வாக்கு வந்தது, வீதி வரவில்லை

மாத்தளை மாவட்டத்தில் 13 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. மாத்தளையும் தம்புள்ளையும் மாநகர சபைகள். ஏனைய 11 பிரதேச சபைகள். 2025 மே 6 ஆம் திகதி இலங்கை முழுவதும் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில், எல்கடுவையிலோ ரத்தோட்டையிலோ ஒரு தோட்ட லயத்தில் வசிக்கும் தொழிலாளி தம் பிரதேச சபைக்குப் போட்டியிடுவதற்குச் சட்டத்தில் தடையேதும் இருக்கவில்லை. இளைய தலைமுறையினருக்கு இது வெகு இயல்பான செய்தியாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்த இயல்பு நிலையை எட்டுவதற்கு ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

உள்ளூர் வரியையும் உள்ளூர் வேலையையும் பொறுத்தவரை, மாத்தளை மண்ணுக்குத் தனியொரு வரலாறு உண்டு. 1848 இல் ஆளுநர் டொரிங்டனின் ஆட்சி துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தது. ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இயலாதவர் பணம் கட்ட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னனாக முடிசூடினார். கிளர்ச்சி அடக்கப்பட்டு, ஆகஸ்ட் 8 ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வரி கேட்பவர்கள் மக்களின் சொல்லையும் கேட்க வேண்டும் என்ற பாடத்தை இந்த மாவட்டம் இரத்தம் சிந்திக் கற்பித்தது எனலாம்.

பின்னர் 1871 இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் வந்தது. பழைய ‘கம்சபா’ முறைக்குப் புத்துயிர் அளிப்பதாகச் சொல்லப்பட்ட இச்சட்டத்தின் கீழ், நீர்ப்பாசனத்தையும் சிறு வழக்குகளையும் ஊரார் தாமே கவனித்துக்கொள்ள வழி பிறந்தது. அதே காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கி வடக்குப் பாதை வழியே காடுகளைக் கடந்து, தம்புள்ளை, மாத்தளை என நடந்து வந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள் இம்மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்டுக்கொண்டிருந்தனர். கிராமம் என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்கவில்லை. 1889 ஆம் ஆண்டுச் சட்டம் ஐரோப்பியரையும் பறங்கியரையும் இந்தியத் தோட்டத் தொழிலாளரையும் கிராமச் சங்க வாக்குரிமைக்கு வெளியே வைத்தது. துரைமாருக்கு அதனால் இழப்பேதும் இல்லை. அவர்களுக்குக் கச்சேரியின் கதவு எப்போதும் திறந்தே இருந்தது. தொழிலாளிக்கு இருந்தது கங்காணியின் வாசல் மட்டுமே.

1931 இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வஜன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. குடியிருப்பு நிபந்தனைகளைப் பூர்த்தி செய்த தோட்டத் தொழிலாளர் பலரும் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்களித்தனர். இங்குதான் ஒரு விந்தை நேர்ந்தது. 1937 இல் உள்ளூராட்சி அமைச்சராக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க கிராமச் சமூகங்கள் சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது ஐரோப்பியருக்கும் பறங்கியருக்கும் கதவு திறந்தது. இந்தியத் தொழிலாளருக்கு அது மூடியே இருந்தது. இந்தியாவிலிருந்தும் இங்கிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. இனப்பாகுபாடு என்ற பழியை நீக்குவதற்காக, எந்த இனத்தவராயினும் தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வாக்கில்லை என்று வாசகம் மாற்றப்பட்டது. சொல் மாறிற்று, பொருள் மாறவில்லை. கொழும்பில் சட்டம் இயற்றுபவரைத் தெரிவுசெய்யத் தகுதியுள்ள ஒருவர், தம் வீட்டருகே கிணறு வெட்டுவதைத் தீர்மானிப்பவரைத் தெரிவுசெய்யத் தகுதியற்றவரானார்.

சுதந்திரம் வந்தபின் கொழும்பின் கதவும் அடைபட்டது. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாக ஏற்றன. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே நாடற்றவர் என்ற நிலை ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. பிரதேச சபைகளுக்கான முதலாவது தேர்தல் 1991 மே மாதம் நடைபெற்றது. தோட்ட மக்கள் பெருந்தொகையில் உள்ளூராட்சிக்கு வாக்களிக்கக்கூடிய காலம் அப்போதுதான் பிறந்தது.

வாக்கு வந்தது. வீதி வந்ததா? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்ட மக்களின் வாக்கால் தெரிவான உறுப்பினர், தாம் பிறந்த லயத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு வண்டிக் கல் கொட்டுவதற்கும் சட்டம் குறுக்கே வந்தது. சட்டியில் இருந்தும் அகப்பையில் வராத கதை இது. மலையகப் பிரதிநிதிகளும் சிவில் அமைப்புகளும் நெடுங்காலம் வலியுறுத்திய பின், 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிலும் சபை நிதியைப் பயன்படுத்த வழி ஏற்பட்டது. அதாவது, 1991 முதல் 2018 வரை 27 ஆண்டுகள் வாக்குக்கும் வேலைக்கும் இடையே ஒரு வாக்கியம் படுத்திருந்தது.

இனி, ஒருவர் சபைக்குச் செல்வது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். அவர் இலங்கைப் பிரஜையாகவும் 18 வயது நிறைந்தவராகவும் அந்தச் சபைப் பிரதேசத்தின் வாக்காளர் இடாப்பில் பதிவானவராகவும் இருத்தல் வேண்டும். அரச சேவையில் குறிப்பிட்ட சில பதவிகளை வகிப்பவர்கள் போட்டியிட முடியாது. தனியொருவர் தம் பெயரை மட்டும் கொண்டு வேட்புமனுத் தாக்கல் செய்ய இயலாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியோ சுயேச்சைக் குழுவோ சபை முழுவதற்குமான பட்டியலைத் தர வேண்டும். 2017 இன் திருத்தத்தின்படி 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் 40 சதவீதத்தினர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். வாக்காளர் இடுவது ஒரே புள்ளடிதான். அது வட்டாரத்துக்கும் கட்சியின் மொத்தக் கணக்குக்கும் சேர்கிறது. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு உண்டு. பட்டியலில் உரிய எண்ணிக்கையில் பெண்கள் இல்லையெனில் அப்பட்டியலே நிராகரிக்கப்படலாம். கொழுந்து பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஆதலால் தோட்டப்புறத்துக்கு இந்த ஏற்பாடு பெரும் வாய்ப்பாகும். அது பட்டியலை நிரப்பும் பெயராக முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது கட்சிகளின் பொறுப்பு.

மாத்தளைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். அங்கே நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச சபைகள் 2017 இல் ஆறாகப் பிரிக்கப்பட்டன. மாத்தளையிலோ, இருவகைத் தமிழரையும் சேர்த்தால் பத்தில் ஒருவரே தமிழர். அவர்களும் உக்குவெல, ரத்தோட்டை, அம்பன்கங்க கோறளை, மாத்தளை நகரம் எனச் சிதறியிருக்கின்றனர். ஒரே தோட்டத்தின் வாக்குகள் மூன்று கட்சிகளுக்குப் பிரிந்தால் வட்டாரமும் கிட்டாது, விகிதாசார ஆசனமும் கிட்டாது. சிங்கள, முஸ்லிம் அயலவரின் நம்பிக்கையைப் பெறாத வேட்பாளருக்கு இங்கே பல வட்டாரங்களில் வெற்றி அரிது. இதைக் குறையாக மட்டும் கருதத் தேவையில்லை. தண்ணீர்க் குழாயும் மயானப் பாதையும் இனம் பார்த்துப் பழுதடைவதில்லை.

கிடைத்த உரிமை தானாக நிலைத்திருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9 ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், நிதியில்லை என்ற காரணத்தால் நின்றுபோயிற்று. இதனால் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. இரண்டாண்டுகளுக்கு மேலாக, மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவரும் இல்லாமல், அதிகாரிகளே சபைகளை நடத்தினர். முறையிட ஆளில்லாத ஊரின் நிலை எத்தகையது என்பதை அப்போது நாடு முழுவதும் சற்றே சுவைத்தது. தோட்டங்களுக்கு அது பழகிய சுவை.

வேட்பாளராக நிற்க விரும்பாதவர்க்கும் பணி உண்டு. சபையின் ஆலோசனைக் குழுக்களில் உறுப்பினரல்லாத வாக்காளர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும் அதைக் கேட்டுப் பெறலாம். எல்லாவற்றுக்கும் முதற்படி, கிராம உத்தியோகத்தரிடம் சென்று வாக்காளர் இடாப்பில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. தனி முகவரியில்லாத லயத்தில், ஒரு வீட்டின் பெயர் விடுபட்டால் அதை எவரும் தேடி வந்து சேர்க்க மாட்டார்கள். 1949 இல் அந்த இடாப்பிலிருந்து ஒரு சமூகமே வெட்டி எறியப்பட்டது. அங்கே மீண்டும் எழுதப்பட்ட பெயரைக் காத்துக்கொள்வது அவரவர் கையில் இருக்கிறது.