புல்லட்டின் பின் ஸ்பிரிங்: 1948-ல் சேற்றில் தீர்ந்த ஒரு வாதம்

போன வருஷம் ஆனைகட்டி போற வழியில வண்டியோட விழுந்தேன். வேகம் முப்பதுகூட இருக்காது. ஜல்லி பெயர்ந்த ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தேன். பின் சக்கரம் தத்தித் தத்திப் பக்கவாட்டில் போய்விட்டது. முழங்காலில் நாலு தையல். பின்னால் லாரி எதுவும் வராததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி கிளாசிக் 350. அதற்கு முந்தின வாரம்தான் காந்திபுரத்தில் ஒரு கடையில் சர்வீஸ் செய்து எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் 5-வது படியில் இருந்தன. மெக்கானிக்கிடம் கேட்டேன். "புல்லட்னா டைட்டா இருக்கணுங்க சார், அப்பத்தான் ரோட்டைப் பிடிக்கும்" என்றார்.

டைட்டாக இருந்தால் ரோட்டைப் பிடிக்குமா? இந்தக் கேள்வியோட தேட ஆரம்பித்தேன். இதே வாதம் 1948-ல் இங்கிலாந்தில் நடந்திருக்கிறது, அதுவும் இதே புல்லட்டை வைத்து.

கோயமுத்தூர்க்காரங்களுக்கு பந்தயம் என்றாலே வேகம்தான். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வைத்திருக்கிற ஊர் இல்லையா! ஆனால் டிரையல்ஸ் என்று ஒரு பந்தயம் இருக்கிறது, அதில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. பாறை, சேறு, ஓடை, செங்குத்தான மேடு இதிலெல்லாம் கால் ஊன்றாமல் வண்டியை ஓட்டிக் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் தண்டப்புள்ளி, கடக்க முடியாமல் தோற்றால் 5 புள்ளி. குறைந்த புள்ளி வாங்கியவர்தான் ஜெயித்தவர். இதில் எல்லாமே பின் சக்கரத்தின் பிடிப்பைப் பொறுத்தது.

1932-ல் புல்லட் என்ற பெயர் முதலில் வந்தபோது அதற்குப் பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது. சக்கரம் நேராகச் சட்டத்தில் மாட்டியிருக்கும். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங், அவ்வளவுதான். அன்றைக்கு டிரையல்ஸ் ஓட்டியவர்கள் பலரும் இதுதான் சரி என்று நம்பினார்கள். பின்னால் ஸ்பிரிங் வைத்தால் சக்கரம் துள்ளும், பிடிப்பு போகும் என்பது அவர்கள் வாதம். நம்ம மெக்கானிக் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்!

இந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. வெறும் ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் அது ஆடிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்க எண்ணெய் டேம்பர் வேண்டும்.

ரெடிட்ச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி அதைத்தான் செய்தது. ஒரு முனையில் கீல் போட்ட ஸ்விங் ஆர்ம், அதன் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கும் எண்ணெய் டேம்பரும் சேர்ந்த ஷாக் அப்சார்பர். 1948 பிப்ரவரியில் கோல்மோர் கப் டிரையலில் இந்த அமைப்போடு சோதனை புல்லட்கள் இறங்கின. அந்தச் சமயத்தில் நார்ட்டன் சக்கரத்தின் அச்சு மேலும் கீழும் மட்டும் போய்வரும் பிளஞ்சர் முறையை வைத்திருந்தது. டிரையம்ப் ஸ்பிரிங்கை ஹப்புக்குள்ளேயே அடைத்துப் பார்த்தது. ஆக, புதிய வண்டிக்கு விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால், யார் நம்ப மறுத்தார்களோ அவர்கள் களத்திலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் டிரையலில் பிரிட்டிஷ் அணி கோப்பையை வென்றது. அந்த அணியில் புல்லட் ஓட்டிய விக் பிரிட்டன், சார்லி ராஜர்ஸ் இரண்டு பேருக்கும் தங்கப் பதக்கம். 1949-ல் புல்லட் விற்பனைக்கு வந்தது. விக்கின் மகன் ஜானி பிரிட்டன் புல்லட்டில் 1952-ல் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலை ஜெயித்தார், 1957-ல் ராயல் என்ஃபீல்டிலேயே இன்னொரு முறை. அதற்குப் பிறகு வாதாட யாருக்கும் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. 1950-களில் மற்ற கம்பெனிகளும் டிரையல்ஸ் வண்டிக்குப் பின் ஸ்பிரிங் வைக்க ஆரம்பித்தன.

அந்த வண்டிதான் இந்திய ராணுவத்துக்காக இங்கே வந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெடிட்ச் தொழிற்சாலை மூடிய பிறகும் அதே ஸ்விங் ஆர்ம் அமைப்போடு திருவொற்றியூரில் வண்டி வந்துகொண்டே இருந்தது. சுருக்கமாச் சொன்னா, நம்ம புல்லட்டுக்குப் பின் ஸ்பிரிங் வந்தது சொகுசுக்காக மட்டும் இல்லைங்க. சக்கரம் தரையை விடக்கூடாது என்பதற்காகவும்தான்.

ஸ்பிரிங் இருந்தும் நான் ஏன் விழுந்தேன்?

ஷாக் அப்சார்பரின் காலரைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று நாம நினைக்கிறோம். ஆகாது. ஒரு மி.மீ. அமுக்க எவ்வளவு எடை வேண்டும் என்பது ஸ்பிரிங்கின் கம்பியிலும் சுற்றுகளிலும் இருக்கிறது, அதைக் காலர் மாற்றாது. காலர் செய்வது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது மட்டும்தான். என்னை மாதிரி புரோகிராம் எழுதுறவங்களுக்குச் சொன்னா, கோட்டின் சாய்வு மாறுவதில்லை, தொடங்கும் இடம்தான் மாறுகிறது. விளைவு என்னவென்றால், நீங்கள் உட்காரும்போது வண்டி குறைவாக இறங்கும்.

இந்த இறக்கம்தான் முக்கியம். சக்கரம் கல்மேல் ஏறும்போது மேலே போக இடம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். குழியில் இறங்கும்போது கீழே போகவும் இடம் வேண்டுமே? அந்த இடத்தைத் தருவது நாம உட்காரும்போது ஏற்படும் இறக்கம்தான், பேங்க் கணக்கில் இருக்கும் இருப்பு மாதிரி. 5-வது படியில் தனி ஆளாகப் போனால் இருப்பு கம்மி. சக்கரம் கொஞ்சம் கீழே போனதும் ஷாக் அப்சார்பர் முழுசா நீண்டுவிடும். அதற்கு மேல் குழி இருந்தால் சக்கரம் காற்றில்தான். காற்றில் இருக்கும் சக்கரத்துக்கு பிரேக் எதற்கு!

அளந்தே பார்த்தோம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, தொங்குகிற பின் சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே மட்காடில் ஒரு குறி வரைக்கும் டேப் பிடித்தோம். பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஹெல்மெட்டோடு நான் உட்கார்ந்தேன். பையன் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரம்மா மறுபடி அளந்தார். 5-வது படியில் இறக்கம் 14 மி.மீ., 2-வது படியில் 24. பின் ஷாக் அப்சார்பரின் மொத்த ஓட்டம் 80 மி.மீ. அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கலாம் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 24 சரி, 14 போதாது. டூல்கிட்டில் இருக்கிற சி ஸ்பேனரால் ரெண்டு பக்கமும் ஒரே படியில் வைத்தேன். ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 என்று விட்டுவிடாதீர்கள்.

2019-ல் ராயல் என்ஃபீல்டு பழைய பெருமையை நினைத்து டிரையல்ஸ் 350, 500 என்று இரண்டு வண்டி விட்டது. முன்னதுக்கு சிவப்புச் சட்டம், பின்னதுக்குப் பச்சை. பி.எஸ்.6 காலத்துக்கு அவை வரவில்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களை நான் இங்கே அதிகம் பார்த்ததில்லை.

மெக்கானிக் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. வீட்டுக்காரம்மாவும் பையும் பின்னால் ஏறினால் வண்டி கூடுதலாக இறங்கும், அப்போது 4-வது படி வைக்கிறேன். ஒரே படியை எல்லாருக்கும் எப்போதும் வைப்பதுதான் தப்பு.

தையல் பிரித்த பிறகு இந்த அளவுகளை அவரிடமே காட்டினேன். டேப்பை வாங்கி அவரும் ஒரு தடவை அளந்து பார்த்தார். இப்போ சர்வீஸுக்கு விட்டா, "தனியாப் போவீங்களா, ஜோடியாப் போவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறார்.