18 எண்களும் 3 டார்கெட்டுகளும்: ஆர், நம்பை

சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்து ஆலைகளில் நாள் என்பதே ஷிஃப்ட் கணக்குதான். ஒரு லைனுக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 18 உற்பத்தி எண்கள். டார்கெட் ஏ ஷிஃப்டுக்கு 400, பி ஷிஃப்டுக்கு 400, நைட்டுக்கு 320 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதற்குரிய டார்கெட்டைக் கழிக்க வேண்டும். இந்தக் கழித்தலை ஆர் மொழியும் பைத்தானின் நம்பை தொகுப்பும் வேறு வேறு விதமாகப் பார்க்கின்றன.

ஆரில் 18 எண்களிலிருந்து 3 எண்களைக் கழிக்கச் சொன்னால் மறுபேச்சு இல்லை. குட்டை வரிசை தீர்ந்ததும் முதலிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளும். ஆறு முறை சுற்றி விடை வந்துவிடும். நம்பையில் அதே கழித்தல் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். 18, மூன்றின் மடங்கு என்பது அதற்குப் பொருட்டே இல்லை. எண்களை 6 வரிசை, 3 நெடுவரிசை என்று முதலில் அடுக்கிக் கொடுத்தால்தான் டார்கெட்டை ஒவ்வொரு வரிசைக்கும் பொருத்தும்.

ஆரின் வழி எவ்வளவு வசதி! ஆனால் திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் லைன் ஓடவில்லை, அந்த மூன்று பதிவுகளும் ஏட்டில் ஏறவில்லை என்று வையுங்கள். மிச்சம் 15. 17 ஆகவோ 16 ஆகவோ இருந்திருந்தால் நீளம் மடங்காக இல்லை என்று ஆர் எச்சரித்திருக்கும், விடையையும் கொடுத்திருக்கும். 15 மூன்றின் மடங்கு. அதனால் எச்சரிக்கைகூட இல்லை. செவ்வாய் காலை ஏ ஷிஃப்டில் 390 செய்தவர்களுக்கு நைட் டார்கெட்டான 320 பொருந்தி, 10 குறைவு என்பது 70 அதிகம் ஆகிறது. அன்றிரவு 310 செய்தவர்களுக்கு 90 குறைவு என்று விழுகிறது. உண்மையில் குறைவு 10தான். அந்த 90 இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவர்களின் பெயரில் ஏறும். இதைச் சின்னப் பிசகு என்று விட எனக்கு மனமில்லை.

நம்பையில் 15 எண்களை 6 வரிசை, 3 நெடுவரிசையாக அடுக்க முடியாது, அங்கேயே நின்றுவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: வரிசை எண்ணிக்கையை நீயே கண்டுபிடித்துக்கொள் என்று விட்டால், அதுவும் 5 வரிசையாக அடுக்கி இதே தவறைச் செய்யும். 6 நாள் என்று நாம் எழுதிக் கொடுப்பதில்தான் காவல் இருக்கிறது.

ஆர் இப்படி வளைந்துகொடுப்பதற்கு அதன் பிறப்பு காரணம். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடனிருந்தவர்களும் தொடங்கிய எஸ் மொழியின் வழியில், ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் 1990களில் உருவாக்கியது ஆர். தரவோடு உட்கார்ந்து உடனுக்குடன் கேட்டுப் பார்ப்பவர்களுக்கான மொழி. நம்பை, டிராவிஸ் ஆலிஃபன்ட் பழைய இரண்டு தொகுப்புகளை இணைத்து 2006இல் 1.0 பதிப்பாக வெளியிட்டது. அதற்கு எண்களை அடுக்கிய அணியின் வடிவமே, அதாவது எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்பதே, முதன்மை.

இதனால் நம்பைதான் மேல் என்று முடிக்க மாட்டேன். ஓடாத ஷிஃப்டைப் பதிவிலிருந்து நீக்காமல், அந்த இடத்தில் 'என்ஏ' என்று எழுதிவைக்க ஆர் இடம் கொடுக்கிறது. முழு எண் வரிசையிலும் அது நிற்கும். கழித்தாலும் என்ஏவாகவே மிஞ்சும். 18 இடங்களும் அப்படியே இருப்பதால் டார்கெட் நகராது. நம்பையின் வழக்கமான முழு எண் அணியில் அப்படியொரு வெற்றிடம் கிடையாது: தசம எண்ணாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் யாராவது அங்கே 0 போட்டுவிடுவார்கள், ஓடாத இரவுக்கு 320 குறைவு என்று கணக்கு வரும்.