டிரிப் டியூபில் காற்று, பிரேக் குழாயில் காற்று

போன ஞாயிறு மச்சான் போன் பண்ணினார். "மாப்ள, என் ஹைபிரிட் காருக்குப் பின்சக்கரக் காலிபரை வீட்லயே மாத்தி, ஏரும் எடுத்துடலாம்னு இருக்கேன். நாலு போல்ட்டுதானே!"

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன்.

1. டிரிப் போடும் முன்னாடி டியூபில் இருக்கும் காற்றை வெளியேத்துவோம், பார்த்திருப்பீங்க. பெரிய அளவில் காற்று இதயத்துக்குள் போனால், இதயம் சுருங்கும்போது அந்தக் காற்றுதான் நசுங்கும். ரத்தம் முன்னால் நகராது. பிரேக்கிலும் இதே சங்கதிதான்.

2. அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பிளேஸ் பாஸ்கல் சொன்னது.

3. ஆரம்பகாலக் கார்களில் பிரேக் என்றால் கம்பியும் கேபிளும்தான். எல்லாச் சக்கரத்தையும் ஒரே அளவில் பிடிக்காது. ஒரு பக்கம் கூடப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். அமெரிக்காவின் மால்கம் லாகீட் 1917இல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1921இல் டூசன்பர்க் மாடல் ஏ காரில் நாலு சக்கரத்துக்கும் அது வந்தது. 1924இல் கிரைஸ்லர் எடுத்துக்கொண்டது. ஃபோர்டு 1939 மாடலில்தான் மாறியது.

4. அன்றைய பிரேக் ஆயில் என்ன தெரியுமா? ஆல்கஹால் கலந்த விளக்கெண்ணெய்! பிறகு கிளைக்கால் வகை வந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி வரும். பெடல் தரைக்குப் போகும்.

5. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா ப்ரியஸ் வந்தது. பிரேக் மிதித்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தும். எவ்வளவு மோட்டார், எவ்வளவு ஆயில் என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். 2010இல் பிரேக் மென்பொருளைத் திருத்த, ப்ரியஸ் உட்பட சுமார் 4 லட்சத்து 37 ஆயிரம் ஹைபிரிட் கார்களை டொயோட்டா திரும்ப அழைத்தது.

6. இப்போ மச்சான் விஷயம். பல ஹைபிரிட் கார்களில் பிரேக்குக்குத் தனி மின்பம்பும், அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் கலனும் உண்டு. சாவி போடாமலே, டிரைவர் கதவைத் திறந்தாலே சில மாடல்களில் பம்ப் விழித்துக்கொள்ளும். காலிபரில் விரல் இருந்தால்? அதோடு, காற்று உள்ளே யூனிட் வரைக்கும் போய்விட்டால், பழைய கார் மாதிரி ஒருத்தர் மிதிக்க ஒருத்தர் நிப்பிள் திறந்து எடுத்துவிட முடியாது. ஸ்கேனர் போட்டு, கம்பெனி மேனுவல் சொல்லும் வரிசையில்தான் எடுக்கணும்.

7. டாக்டராக ஒரு வார்த்தை. வடித்த பழைய ஆயிலை வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீங்க. குழந்தை குடித்தால் சிறுநீரகமே போகலாம். குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

பேட் தேஞ்சிருக்கா, ஆயில் அளவு சரியான்னு வீட்டிலேயே பாருங்க, நல்ல பழக்கம். ஹைபிரிட்டில் ஏர் எடுக்கும் வேலையை ஸ்கேனர் இருக்கிற மெக்கானிக்கிட்ட விடுங்க. யார் செய்தாலும், வண்டி நகரும் முன்னாடி பெடலை மிதிச்சுப் பாருங்க. மெத்துன்னு அமுங்கினால் வண்டியை எடுக்காதீங்க.

மச்சான் மெக்கானிக்கிட்ட விட்டுட்டார். கூடவே நின்னு வேடிக்கை பார்த்தாராம்.