துணி எடுக்கத் தமிழகம் போகிறீர்களா? சுற்றுலா விசா போதாது

தீபாவளிக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா கடைக்காரர்கள் சரக்கு எடுக்கத் தமிழகம் கிளம்பிவிடுவார்கள். கடை இல்லாமல், வீட்டு வரவேற்பறையிலிருந்தே முகநூல் நேரலையில் சேலை விற்கும் பெண்களும் இப்போது ஈரோடு, இளம்பிள்ளை, காஞ்சிபுரம் என்று போய் வருகிறார்கள். எந்த விசாவில் போவது என்பதில்தான் பலருக்குக் குழப்பம்.

மலேசியர்களுக்கு 30 நாள் மின்-சுற்றுலா விசாவை இலவசமாக வழங்கும் சலுகையை இந்தியா 2024 ஜூலையில் தொடங்கியது. அது சுற்றிப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவும் செல்பவர்களுக்கானது. விற்பனைக்காகச் சரக்கு வாங்குவது, வியாபாரம் பேசுவது, வணிகக் கண்காட்சியில் பங்கேற்பது போன்றவற்றுக்கு மின்-வணிக விசா தேவை. “பத்து சேலைதானே” என்று சுற்றுலா விசாவில் போய், விமான நிலையத்தில் வாய்தவறி “பிசினஸ்” என்று சொல்லி மாட்டிக்கொள்வதைவிட, வணிக விசாவுக்குக் கட்டணம் கட்டுவதே மேல்.

மின்-வணிக விசா ஓராண்டுக்குச் செல்லும். அந்த ஓராண்டுக்குள் பலமுறை போய் வரலாம். இந்தியா சென்றடையும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாட்களுக்கு முன்பு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் கடைசி நேரம்வரை காத்திருக்காமல், இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்கள் காலியாக இருக்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

வழக்கமான ஆவணங்களோடு இரண்டு கூடுதலாகக் கேட்கப்படும்: விண்ணப்பதாரரின் வணிக அட்டை, இந்திய நிறுவனத்தின் அழைப்புக் கடிதம். சிறு வியாபாரிகள் தயங்குவது இங்கேதான். ஆனால் அழைப்புக் கடிதம் பெரிய கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி, தன் கடையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட தாளில், யார், எதற்காக, எப்போது வருகிறார் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால் போதும். அதை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம்.

விண்ணப்பத்தில் விண்ணப்பதாரரின் நிறுவன விவரமும் நிரப்பப்பட வேண்டும். வீட்டிலிருந்து விற்பவர்கள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்வது இதற்கும் உதவும். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். வணிக அட்டையில் உள்ள பெயரும் பதிவிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு: பெயரில் உள்ள ஏ/எல், ஏ/பி. மலேசியக் கடப்பிதழில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரித்து அச்சிடப்படுவதில்லை. விண்ணப்பமோ இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, ஏ/எல்லை விட்டுவிட்டால் கடப்பிதழோடு பொருந்தாமல் போகலாம். கடப்பிதழின் படப் பக்கத்தில், அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கும். அங்கே சாய்கோடு வராது. அந்த வரியில் உள்ளபடி முழுப் பெயரையும் சொந்தப் பெயர்க் கட்டத்தில் எழுதுவது பாதுகாப்பானது. விமான டிக்கெட்டிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த மங்கலான கடப்பிதழ்ப் படம் நிராகரிப்புக்கு வழி. பக்கத்து ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இணையத்தில் தேடினால் அரசுத் தளம்போலவே தோற்றமளிக்கும் தளங்கள் பல வரும். அவை கூடுதல் கட்டணம் வாங்கும். சில வெறும் ஏமாற்று வேலை. உண்மையான தளத்தின் முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடியும். பணம் கட்டும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அனுமதி மின்னஞ்சலில் வரும். அதை அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும். சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் விமான நிலையங்களில் மின்-விசாவுடன் நுழையலாம். அங்கு கைரேகை எடுப்பார்கள். இந்த விசாவை இந்தியாவில் இருந்துகொண்டே நீட்டிக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ முடியாது.

கொள்முதல் பணத்தை ரொக்கமாகக் கொண்டு செல்பவர்கள் கவனிக்க வேண்டியது: 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் இருந்தால் புறப்படும்போதே மலேசியச் சுங்கத்துறையிடம் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் இறங்கும்போது 5,000 டாலர் மதிப்புக்கு மேற்பட்ட வெளிநாட்டு நோட்டுகளுக்கே அறிவிப்பு தேவை.

முன்னோர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்று நிரூபிக்க முடிந்தவர்கள் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அது இந்தியக் குடியுரிமை அல்ல. வாழ்நாள் விசா போன்றது. அட்டை கிடைத்தால் ஒவ்வொரு முறையும் விசா எடுக்கும் வேலை இருக்காது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்குக் கொள்ளுத் தாத்தாவின் பழைய கடப்பிதழையோ பிறப்புப் பத்திரத்தையோ தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. பாட்டியின் தகரப் பெட்டியில் அப்படி ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.