ட்லாட்டலோல்கோ சதுக்கமும் குரலால் ஆன நினைவகமும்

மெக்சிகோ நகரின் ட்லாட்டலோல்கோ பகுதியில் ஆஸ்டெக் கோயில் இடிபாடுகளும், ஸ்பானியர் எழுப்பிய சந்தியாகோ தேவாலயமும், இருபதாம் நூற்றாண்டு அடுக்குமாடிகளும் சூழ ‘மூன்று பண்பாடுகளின் சதுக்கம்’ இருக்கிறது. 1968 அக்டோபர் 2 மாலை, ஒலிம்பிக் தொடங்கப் பத்து நாள்களே இருந்த நிலையில், இங்கு கூடியிருந்த மாணவர்களும் பொதுமக்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் முப்பதுக்குள்தான் என்றது அரசு. முந்நூறு வரை என்கின்றன பிற மதிப்பீடுகள். கணக்கு இன்றுவரை தீரவில்லை.

அந்த மண்ணில் இறந்தோருக்கென ஒரு கல் நிற்கவே 25 ஆண்டுகள் ஆயின. 1993இல் நட்ட நினைவுக்கல்லில் இருபது பேரின் பெயரும் வயதும் உள்ளன. பெயர் தெரியாத இன்னும் பலர் உண்டு என்றும் அதுவே சொல்கிறது. தெரிந்ததை மட்டுமே கல்லில் வெட்ட முடியும். தெரியாததைச் சொல்ல, உயிரோடிருப்பவர்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

நாற்பதாம் ஆண்டான 2008இல் மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டதன்பேரில், கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மர் ‘வோஸ் ஆல்ட்டா’ என்ற படைப்பை அதே சதுக்கத்தில் அமைத்தார். ‘உரத்த குரல்’ என்பது பொருள். அங்கே ஒரு மெகாஃபோன் இருந்தது. யார் வேண்டுமானாலும் பேசலாம். பேச்சின் ஒலிக்கேற்ப 10 கிலோவாட் தேடுவிளக்கு ஒன்று துடித்தது: குரல் உயர்ந்தால் ஒளி கூடியது, பேச்சு நின்றால் அணைந்தது. முன்பு வெளியுறவு அமைச்சகமாக இருந்த கோபுரத்தின் உச்சியை அந்த ஒளி தொட்டதும், அங்கிருந்த மூன்று விளக்குகள் அதை நகரெங்கும் கடத்தின. அவற்றில் ஒன்று ஆட்சி பீடமான சோகலோ சதுக்கத்தை நோக்கியிருந்தது. வானொலியில் 96.1 பண்பலையைத் திருப்பினால், அந்த ஒளி என்ன சொல்கிறது என்பதை நேரடியாகக் கேட்கலாம். பேச ஆள் இல்லாத நேரங்களில் உயிர் தப்பியவர்களின் பழைய ஒலிப்பதிவுகள் ஒலித்தன.

பேச்சுக்குத் தணிக்கை கிடையாது. சாட்சியமும் கவிதையும் போராட்ட அழைப்பும் வந்தன. திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டவர்களும் உண்டு. அது நினைவகத்தின் கண்ணியத்துக்குக் குறை ஆகாது. கூடிப் பேசியதற்காகவே மனிதர்கள் கொல்லப்பட்ட இடத்தில் மக்கள் அச்சமின்றி எதையும் பேசியதுதான் அந்தப் படைப்பின் உண்மையான வெற்றி.

2014 செப்டம்பர் 26 இரவு, குவெரேரோ மாநிலத்தின் இகுவாலா நகரில் அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் 43 பேர் கடத்தப்பட்டார்கள். ட்லாட்டலோல்கோ படுகொலையை நினைவுகூரும் அக்டோபர் 2 ஊர்வலத்துக்குப் போகத்தான் அவர்கள் பேருந்துகளைத் திரட்டிக்கொண்டிருந்தார்கள். சரியாக ஆறு மாதம் கழித்து லொசானோ-ஹெம்மர் ‘நம்பிக்கை அளவு’ என்று பொருள்படும் பெயரில் மற்றொரு படைப்பை வெளியிட்டார். அதன் கேமரா முன் நிற்பவரின் முகத்தை அந்த 43 முகங்களோடு கணினி ஒப்பிடுகிறது; மிக நெருங்கிய சாயல் யாருடையது, எத்தனை சதவீதம் என்று காட்டுகிறது. சந்தேக நபர்களைப் பிடிக்கக் காவல்துறை பயன்படுத்தும் முக அடையாள மென்பொருள், இங்கே காணாமல் போனவர்களைத் தேடுகிறது. எந்த நிறுவனமும் அதை இலவசமாகப் பதிவிறக்கிக் காட்சிக்கு வைக்கலாம். பிரதிகள் விற்கும் பணம் பாதிக்கப்பட்ட சமூகத்துக்குப் போகும் என்று கலைஞர் அறிவித்தார்.

அந்த 43 பேரில் மூவரின் உடல் எச்சங்கள் மட்டுமே இதுவரை அடையாளம் காணப்பட்டுள்ளன.